பையில் ஒரு பெயர்



இன்றைய பேச்சு ஒரு பையைப் பற்றியது. பள்ளிக்கூடப் பை. கடையில் தொங்குகிற பை அல்ல, வீட்டில் தைத்த துணிப்பை. அந்தப் பையைக் குழந்தையே எப்படி அழகுபடுத்தலாம்? அதற்கு என்ன வேண்டும்? எங்கே தப்பு வரும்? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு உங்கள் எல்லாருக்கும் தெரியும். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் உண்டானது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மே மாதக் கடைசியில் அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஜூன் 1 அன்று பள்ளி திறக்கும். மழையும் அதே சமயத்தில்தான் வரும். எனவே குடையும் பையும் ஒன்றாக விற்கும். பைகள் கடை வாசலில் வரிசையாகத் தொங்கும். ஒன்றில் பொம்மைப் படம், ஒன்றில் பந்தாட்டக்காரர் படம். குழந்தை ஒரு பையைக் கையால் பிடித்துக்கொள்ளும். தாய் விலையைக் கேட்பாள். பிறகு குழந்தையின் கையை மெல்ல விடுவிப்பாள்.

அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அப்படிப் பல வீடுகள் உண்டு. தகப்பனார் கடையில் மூட்டை இறக்குகிறவர். தாய் நான்கு வீட்டில் வேலை செய்கிறாள். சாயங்காலம் எழுத்து வகுப்புக்கு வருகிறாள். தமிழ் எழுத்து எல்லாம் படித்துவிட்டாள். கூட்டெழுத்து வேகமாக எழுதினால்தான் தடுமாற்றம். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். அவள் படிப்பது மலையாளத்தில். வீட்டில் பேசுவது தமிழ். மகளுடைய பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பெயரில் ஒரு 'ர்' வருகிறது, ஒரு 'ழி' வருகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

போன வருஷம் வாங்கிய பையின் ஜிப் ஐந்தாம் மாதமே போய்விட்டது. ஊக்கு குத்தி மீதி மாதங்களை ஓட்டினார்கள். இந்த வருஷம் தாய் ஒரு முடிவு செய்தாள். ஒரு மீட்டர் காடாத் துணி வாங்கினாள். பக்கத்து வீட்டுத் தையல் மிஷினில் பை தைக்கலாம் என்று துணியைக் கொண்டுவந்து வைத்தாள். மகள் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"வேண்டாம்மா. மஞ்சப்பைன்னு பிள்ளைகள் எல்லாம் சிரிக்கும்."

துணி மஞ்சள் நிறம்கூட இல்லை. வெளுக்காத பருத்தியின் நிறம். ஆனாலும் குழந்தை சொன்னது சரிதான். சிரிப்பார்கள்.

மஞ்சப்பையின் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பை அது. பிள்ளைகள் அதில்தான் சிலேட்டையும் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. கையில் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் பட்டிக்காட்டு ஆள் என்று சினிமாவிலும் சிரித்தார்கள், தெருவிலும் சிரித்தார்கள். இப்போது காற்று திரும்பி இருக்கிறது. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சரே 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். நல்லதுதான். ஆனால் அதெல்லாம் பெரியவர்கள் காய்கறி வாங்கப் போவதற்கு. எட்டு வயதுப் பிள்ளையின் வெட்கம் அரசாணையால் போய்விடுமா?

அந்தத் தாய் மகளோடு வாதம் செய்யவில்லை. "காசு இல்லை மக்ளே" என்று அழவும் இல்லை. துணியைத் தரையில் விரித்தாள். "இதிலே உனக்கு என்ன வேணுமோ அதைப் போடு. நீ போட்ட பிறகுதான் நான் தைப்பேன்" என்றாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தைப்பதற்கு முன்பே அலங்காரம். இது நல்ல முறை. துணி தட்டையாகக் கிடக்கும்போது குழந்தையின் கைக்கு எளிது. பை தைத்த பிறகு பெயிண்ட் அடித்தால், முன்பக்கத்துச் சாயம் ஊறிப் பின்பக்கத்துக்குப் போய்விடும். தைத்த பைதான் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு அட்டையோ, மடித்த செய்தித்தாளோ வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புதுத்துணியைத் துவைக்க வேண்டும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சியின்மேல் பெயிண்ட் பிடிக்காது. முதல் துவையலில் கஞ்சியோடு அதுவும் உரிந்து போகும். பருத்தித் துணி முதல் துவையலில் சுருங்கவும் செய்யும். சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கட்டும். இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டால் துணி தயார்.

அளவையும் சொல்லிவிடலாம். பையின் உடம்புக்கு 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம். கை அளவில் சொன்னால் இரண்டு முழ நீளம், ஒன்றே முக்கால் சாண் அகலம். இதை நடுவில் மடித்தால் ஒரு முழ உயரத்தில் பை வரும். மேல் விளிம்பை மடித்து அடித்தால் இரண்டு மூன்று விரல் குறையும். பாடப்புத்தகம் படுக்காமல் நிற்கும். மீதித் துணியில் தோள்பட்டை. பட்டை நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். கயிறுபோல் மெலிந்த பட்டை தோளை அறுக்கும். பட்டை பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் போட்டுத் தைத்து, அதன் நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு தையல் போட வேண்டும். வீட்டுப் பைகள் கிழிவது எப்போதும் அந்த இடத்தில்தான். அடியில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலே பட்டை அறுந்தால் எல்லாம் போச்சு.

சரி, அலங்காரத்துக்கு வருவோம்.

குழந்தை முதலில் ஸ்கெட்ச் பேனாவைத்தான் எடுத்தது. எல்லாக் குழந்தைகளும் அதைத்தான் எடுக்கும். அதுவும் பள்ளிக்கூடத்து வாட்டர் கலரும் துணிக்கு ஆகாது. ஜூன் மாத மழையில் ஒரே நாளில் வழிந்து, உள்ளே இருக்கும் நோட்டுப் புத்தகத்தையும் நீலமாக்கிவிடும். துணிக்கென்று தனியாக ஃபேப்ரிக் பெயிண்ட் என்று சிறு சிறு குப்பியில் கிடைக்கிறது. மூன்று நிறம் இருந்தால் போதும். சிவப்பும் மஞ்சளும் கலந்தால் ஆரஞ்சு வரும். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை வரும். இதைக் கலந்து பார்ப்பதே குழந்தைக்குப் பெரிய விளையாட்டு.

"சமையலறை மஞ்சளைப் பூசினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பூசலாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோப்புப் பட்டதும் சிவந்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பதை ஆரத்தித் தட்டில் பார்த்ததுதானே? சோப்பிலும் அதே காரத்தன்மைதான். வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். மஞ்சள் நிலையான சாயம் அல்ல.

அந்த வீட்டில் பிரஷ் இல்லை. அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் வருஷந்தோறும் பிரவிருத்தி பரிசய மேளா நடக்கிறது. வேலை அனுபவத்துக்கான திருவிழா. பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, பார்ப்பவர் கண்முன்னாலேயே குடை கட்டுவார்கள், ஊதுபத்தி உருட்டுவார்கள், கயிற்றில் மிதியடி பின்னுவார்கள். அதில் காய்கறி வைத்துத் துணியில் அச்சுக் குத்துவதும் ஒரு போட்டி. படிக்கிற பிள்ளை கையாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் சொன்னார். கோத்தாரி கல்விக் குழு 1966-இல் கொடுத்த அறிக்கையிலும் வேலை அனுபவம் பாடத்தில் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெரிய பெரிய அறிக்கைகள். அவை வந்து இறங்கும் இடம் ஒரு வெண்டைக்காய்!

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஐந்து இதழ்ப் பூ. பாகற்காயை வெட்டினால் விளிம்பு அலை அலையாக ஒரு வட்டம். பெரிய வெங்காயத்தை வெட்டினால் வட்டத்துக்குள் வட்டம். எல்லாவற்றையும்விட அழகு வாழை இலையின் தண்டு. அதைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். பிறைநிலாவுக்குள் வலை கட்டியது போல அச்சு விழும். இந்த ஊரில் வாழை இல்லாத தெரு உண்டா? காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

செய்முறை கடினம் இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெட்டிய முகத்தில் ஈரம் இருக்கும். பழந்துணியால் ஒற்றி எடுத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் பெயிண்ட் நீர்த்துப் பரவும். இன்னொன்று, காயை நேராகப் பெயிண்டில் முக்கக் கூடாது. ஒரு தட்டில் மடித்த துணியை வைத்து, அதில் பெயிண்டைத் தடவி, ரப்பர் ஸ்டாம்புக்கு மை தொடுவது போல ஒற்றி எடுக்க வேண்டும். முதல் இரண்டு அச்சைப் பழைய செய்தித்தாளில் குத்திப் பார்த்துவிட்டுத் துணிக்கு வரலாம்.

வெட்டுவது தாயின் வேலை. குத்துவது பிள்ளையின் வேலை. இதை மாற்றக் கூடாது.

பெரியவர்கள் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. குழந்தை கோணலாகக் குத்தினால் கை பரபரக்கும். "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று வாங்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் தாமே அழகாகக் கோடு போட்டுக் கொடுத்து, "உள்ளே நிறம் அடி" என்பார்கள். அப்படிச் செய்த பை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தாயின் பை. பள்ளியில் யாராவது சிரித்தால் குழந்தை அதை ஒளித்து வைக்கும். தானே செய்த பையைப் பார்த்துச் சிரித்தால் சண்டைக்குப் போகும். சண்டைக்குப் போவதே மேல்!

அந்த மகள் வெண்டைக்காய்ப் பூவைப் பத்து இடத்தில் குத்தினாள். பூவுக்குக் காம்பு வைக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய விமானம் வரைந்தாள். தெருவுக்குமேல் தாழப் பறந்து சங்குமுகம் பக்கம் போகிறதே, அந்த விமானம். விமானத்தைச் சுற்றிப் பூ. "வானத்திலே பூ எதுக்கு மக்ளே?" என்று தாய் கேட்டாள். "அது பூ இல்லை, மழை" என்றாள் மகள். தாய் வாயை மூடிக்கொண்டாள். நீலப் பெயிண்ட் ஒரு சொட்டுக் கீழே விழுந்துவிட்டது. மகள் அழப் பார்த்தாள். பிறகு அதற்கு ஆறு கால் வரைந்தாள். சொட்டு வண்டு ஆகிவிட்டது.

விமானம் காய்ந்தது. அடுத்தது பெயர்.

பள்ளிப் பையில் பெயர் கட்டாயம் வேண்டும். கேட்டால், தொலைந்தால் கண்டுபிடிக்க என்பார்கள். துணிக்குப் பெயர் வைப்பது புது வழக்கமும் அல்ல. சலவைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு ஒரு குறி வைத்திருந்தார்கள். மூன்று புள்ளி ஒரு வீடு, ஒரு கோடும் புள்ளியும் இன்னொரு வீடு. சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் போட்ட குறி எத்தனை வெள்ளாவியில் வெந்தாலும் போகாது. பள்ளிக்கூடமே போகாதவர்கள் நூறு வீட்டுத் துணியை மாறாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவும் ஓர் எழுத்துதானே? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சேங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். குழந்தைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

மகளுக்கு ஒரு யோசனை வந்தது. உருளைக்கிழங்கில் எழுத்தைச் செதுக்கிக் குத்தலாம் என்றாள். தாய் கத்தியால் 'ழி'யைச் செதுக்கினாள். அரை மணி நேரம் ஆனது. செய்தித்தாளில் குத்தினாள். எழுத்து திரும்பி விழுந்தது! வலது இடமாகிவிட்டது, இடது வலமாகிவிட்டது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளும் இப்படித்தான் திருப்பி வார்த்திருக்கும். அப்போதுதான் தாளில் நேராக விழும். வெண்டைக்காய்ப் பூவுக்கு இடம் வலம் ஒன்றுதான். எழுத்துக்கு அப்படி இல்லை. 'ழி'யைத் திருப்பிப் போட்டால் அது எழுத்தே இல்லை. உருளைக்கிழங்கு குழம்புக்குப் போனது. பெயிண்ட் பட்ட முகத்தை மட்டும் வெட்டி எறிந்தார்கள்.

ஆகவே நூலும் ஊசியும். அது தாய்க்குத் தெரிந்த வேலை.

பெயரைப் பென்சிலால் யார் எழுதுவது? இந்தக் கேள்வி வந்ததும் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. மகளுக்கு மலையாளத்தில் எழுதத் தெரியும், தமிழில் தெரியாது. தாய்க்குத் தமிழில் எழுதத் தெரியும், மலையாளத்தில் கடைப் பலகையைக்கூடக் கூட்டித்தான் படிப்பாள். டீச்சருக்குப் படிக்க வேண்டும் என்றால் மலையாளம் வேண்டும். "நீயே எழுது மக்ளே, என் எழுத்து யாருக்குப் புரியும்?" என்று தாய் பென்சிலை நீட்டினாள். வகுப்புக்கு வருகிற எத்தனையோ பேர் இப்படித்தான் பென்சிலை அடுத்தவர் கையில் கொடுக்கிறார்கள். ரேஷன் கடையில், பாங்கில், பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில். எழுதத் தெரிந்த பிறகும் கொடுக்கிறார்கள். நோட்டில் எழுதுவது வேறு, நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவது வேறு என்ற பயம்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் மானாஞ்சிறை மைதானத்தில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி. அத்தனை ஆயிரம் பேர் முன்னால் அவர் நின்றார். ஒரு பைத்துணிக்கு முன்னால் நிற்க ஏன் பயம்?

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். "பைக்கு ரெண்டு பக்கம் இருக்கே அம்மா" என்றாள். முன்பக்கம் மகள் மலையாளத்தில் எழுதினாள். பின்பக்கம் தாய் தமிழில் எழுதினாள். இரண்டு மொழிக்கும் 'ழ' உண்டு. ஒலி ஒன்று, உருவம் வேறு. மகள் தமிழ் 'ழி'யைத் தன் விரலால் துணியின்மேல் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேட்காமலே நோட்டில் எழுதினாள். அவள் எழுதிய முதல் தமிழ் எழுத்து அதுதான்.

பெயரைத் தைக்கச் சங்கிலித் தையல் நல்லது. ஊசியை மேலே எடுத்து, நூலை ஒரு வளையமாக விட்டு, வந்த இடத்திலேயே இறக்கி, வளையத்துக்குள் அடுத்த தையலை எடுக்க வேண்டும். கோடு தடித்துத் தெரியும், தூரத்திலிருந்தே படிக்கலாம். எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையாக இருக்கும். மூன்று இழையைப் பிரித்துக்கொண்டால் போதும். நேர்கோட்டில் தையல் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். வளைவில் சிறிதாக இருக்க வேண்டும். 'ழ'வின் வால் வளைவில் நீளத் தையல் போட்டால் வளைவு உடைந்து மூலை மூலையாக நிற்கும். அந்தத் தாய் அந்த வாலை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

'ர்' மேல் புள்ளி வைக்க வேண்டுமே? மகள் பழைய சட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டன் கொண்டுவந்தாள். பட்டனைப் புள்ளியாக வைத்துத் தைத்தாள். புள்ளிக்கு இதைவிட நல்ல பொருள் உண்டா! பட்டன், மணி, கண்ணாடிச் சில்லு எதுவானாலும் தைக்க வேண்டும். பசையால் ஒட்டினால் ஒரு வாரத்தில் உதிரும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அது எடுத்து வாயில் போடும். ஊசியையும் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

விளிம்புக்குத் தாத்தாவின் பழைய முண்டிலிருந்து கரையைக் கிழித்து வைத்துத் தைத்தார்கள். பாலராமபுரத்து முண்டு. நடுவில் நைந்து போயிருந்தது. கரை மட்டும் புதிது போல இருந்தது. பாலராமபுரம் இங்கிருந்து தெற்கே நாகர்கோவில் போகிற வழியில்தான். திருவிதாங்கூரை பாலராமவர்மா ஆண்ட காலத்தில், 1798-க்கும் 1810-க்கும் நடுவில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை நெசவுக்காக அழைத்துவந்து அங்கே குடிவைத்தார்கள். ஊருக்கே அந்த ராஜாவின் பெயர். இன்றும் அங்கே குழித்தறி உண்டு. தமிழர்கள் வந்து நெய்த துணி கேரளத்துக்கே அடையாளமாகிவிட்டது பாருங்கள். பழைய முண்டைத் தரை துடைக்க எடுக்கும் முன்னால் கரையைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். பைக்கு ஆகும். 2017 முதல் கேரளத்து அரசுப் பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை கொடுக்கத் தொடங்கினார்கள். வளர்ந்த பிள்ளையின் பழைய சீருடையும் ஒட்டுத் துணிக்கு நல்லது.

வேலை முடிந்ததும் ஒரு நாள் முழுவதும் நிழலில் காயவிட வேண்டும். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டால்தான் சாயம் நூலில் ஏறி நிற்கும். இஸ்திரி பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். அதன்பின் மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது. அதனால் பள்ளி திறக்கும் முதல் நாள் ராத்திரி இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்.

இனி ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். துணிப்பை மழைக்குத் தாங்காது. தாங்கும் என்று சொன்னால் அது பொய். இந்த ஊர் மழையில் ஐந்து நிமிஷம் நடந்தால் புத்தகம் நனைந்துவிடும். வீட்டில் இருக்கும் அரிசிப் பையையோ, கெட்டியான பிளாஸ்டிக் உறையையோ கழுவிக் காயவைத்து, புத்தகத்தை அதில் போட்டு, பிறகு பைக்குள் வைக்க வேண்டும். பையைக் குடைக்குள் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு நடக்கப் பழக்குங்கள். நனைந்த பை ராத்திரிக்குள் காயாது. முடிந்தால் இன்னொரு பையும் தைத்து வையுங்கள். இரண்டாவது பைக்கு இன்னொரு படம் வரையலாம் என்று குழந்தை சந்தோஷப்படும்.

ஒரு லாபம் உண்டு. துணிப்பைக்கு எடை கிடையாது. கடைப்பையில் பாதிப் பாரம் பையே என்று சொல்லத் தோன்றும், அத்தனை பட்டை, அத்தனை அறை. பள்ளிப்பையின் பாரத்தைப் பற்றி எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் எழுந்து பேசினார். நாவல் எழுதுகிறவர், டில்லிக்குப் போய்ப் பேசிய விஷயம் குழந்தைகளின் முதுகு! அதன்பின் யஷ்பால் குழு அமைத்தார்கள். அந்தக் குழு 1993-இல் அறிக்கை கொடுத்தது. 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை, பையின் பாரம் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்கிறது. பிள்ளை 20 கிலோ இருந்தால் பை 2 கிலோ. வீட்டுக்குப் போனதும் பக்கத்துக் கடைத் தராசில் பிள்ளையின் பையை வைத்துப் பாருங்கள். எண்ணை நீங்களே படியுங்கள்.

துவைக்கும்போது பையைத் திருப்பிப் போட்டு, பச்சைத் தண்ணீரில், கையால் மெல்லக் கசக்க வேண்டும். கல்லில் அடித்தால் பட்டன் போய்விடும்.

ஜூன் 1 வந்தது. மழையும் வந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு போனாள். சிரித்தார்களா? சிரித்தார்கள். ஒரு பையன் "விமானத்துக்குப் பூ எதுக்கு?" என்று கேட்டான். அது மழை என்று மகள் அவனுக்கும் விளக்கம் சொன்னாள். பின்பக்கத்து எழுத்தை டீச்சர் படிக்க முடியாமல் "இது என்ன?" என்று கேட்டார். "அது என் அம்மா எழுதினது" என்றாள் மகள். சனிக்கிழமை அதே பையன் தன் வீட்டுப் பழைய துணியையும் இரண்டு வெண்டைக்காயையும் எடுத்துக்கொண்டு இவர்கள் திண்ணைக்கு வந்துவிட்டான்.

ஜூலையில் ஒரு நாள் ராத்திரி, துவைத்த பையைத் தாய் கொடியிலிருந்து எடுத்தாள். மடிக்கும்போது பின்பக்கத்தைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெயர் வேறு மாதிரி வந்தது. 'ர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருந்தது. பட்டன் விழுந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே படித்து அவளே கண்டுபிடித்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் துவைத்த இடத்தில் போய் டார்ச் அடித்துத் தேடினாள். பட்டன் கிடைக்கவில்லை. தன் ரவிக்கையிலிருந்து ஒரு பட்டனைக் கத்தரித்து, ஊசியில் நூல் கோத்து உட்கார்ந்தாள்.